ஐவருக்கும் குறைவு

எங்கள் ஊரில் சர்நேம் என்று ஒன்று கிடையாது. இதை வெள்ளைக்காரனுக்கும் சொல்லிப் பார்த்தாயிற்று, டெல்லிக்காரனுக்கும் சொல்லிப் பார்த்தாயிற்று. எந்த ஃபாரத்தைத் திறந்தாலும் முதல் கட்டமே அதுதான், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் வேறு. நிரப்பாமல் விட்டால் அடுத்த பக்கம் போகாது. நமக்கு இருப்பது இனிஷியல். அப்பா பேரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் நம் பேர். அந்த ஒற்றை எழுத்தை விரித்து, அப்பா பேர் முழுவதையும் சர்நேம் கட்டத்தில் போட்டு, அதுதான் குடும்பப் பேர் என்று ஊரை ஏமாற்றி அனுப்புவது இருபது வருடமாக என் பிழைப்பு.

திருக்கோகர்ணத்தில், டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே என் கடை. ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பட்டா, பாஸ்போர்ட், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் உண்டு. என் பேர் பிரகதாம்பாள். இங்கே அம்மன் பேரும் அதுதான், தெருவுக்கு நாலு பேருக்கு அதே பேர். இங்கிலீஷில் அடித்தால் எந்தக் கட்டத்திலும் அடங்காது. அதனால் பேர்கள் படுகிற பாடு எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் இரண்டு தப்புச் செய்தேன். முதல் தப்பை எல்லோரும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டோம். இரண்டாவதும் சிரித்துக்கொண்டே செய்ததுதான்.

முதல் தப்பு நடந்து பதினாலு வருடம் ஆகிறது. முத்துராஜ் என்று ஒருவன், கேட்டரிங் முடித்தவன், இங்கிலாந்தில் மேற்படிப்புக்குப் போக பாஸ்போர்ட் எடுக்க வந்தான். கூடவே அவன் அப்பா வெள்ளைச்சாமி. புதுக்கோட்டையிலிருந்து ஆவுடையார்கோவில் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர், அந்த ரூட்டில் அவரைத் தெரியாதவர் இல்லை. மகனின் தோளுக்கு மேலாக எட்டி, என் மானிட்டரில் தன் பேர் ஏறுவதை வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு நின்றார். அப்படியும் எனக்கு நடுவில் ஒரு எழுத்து விழுந்துபோயிற்று. இங்கிலீஷில் ஒரே ஒரு 'ஐ'. பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது சர்நேம் கட்டத்தில் வெள்ளைச்சாமி, வெள்ளச்சாமி ஆகியிருந்தார்.

திருத்தலாம், ஆனால் மூன்று மாதம் ஆகும், அதற்குள் காலேஜில் சேரும் நாள் போய்விடும் என்றேன். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

"நம்ம வாயில எப்படி வருதோ அப்படித்தான வந்திருக்கு. எவன் இங்க வெள்ளை வெள்ளைன்னு முழுசா கூப்புடுறான். இருந்துட்டுப் போகட்டும் ஆத்தா."

ஆகவே காலேஜ் ஃபாரத்திலும் விசா ஃபாரத்திலும் அதே பிழையோடு நானே அடித்தேன். மெயில் ஐடி கேட்ட இடத்தில் என் கடை ஐடியைப் போட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். பதில் நமக்கே வந்துவிடும், ஆளைத் தேடி அலைய வேண்டாம். ஆள் விமானம் ஏறிப் போன பிறகும் அந்த ஐடி அந்தக் காகிதத்திலேயே இருக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

மூன்று வருடம் கழித்து முத்துராஜின் அம்மா அமராவதி இறந்துபோனார். மூன்றே நாள் காய்ச்சல். முத்துராஜ் வரவில்லை. விசாவைப் புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டை அங்கே ஆபீஸில் கொடுத்திருந்தான், கையில் இல்லை. அதைப் போனில் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறான். வெள்ளைச்சாமியின் காதில் அது ஏறவில்லை. தம்பி மகன் ராசு கொள்ளி வைத்தான். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்த ஈரத்தோடு போனை எடுத்து, மகனிடம் பேசியதை அவரே பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார். ஒரு வார்த்தையைக்கூட மழுப்பவில்லை.

"பெத்தவளுக்குக் கொள்ளி வைக்க வராதவன் எனக்கு மகன் இல்லைடா. என் இனிஷியலப் போடாத. எவன் கேட்டாலும் அப்பன் இல்லைன்னு சொல்லுன்னு சொன்னேன் ஆத்தா. அந்தப் பய சரிப்பான்னான். அதோட சரி."

அதன் பிறகு போன் வரவில்லை. இவரும் போடவில்லை. ஒரு வருடம் கழித்துப் போட்டபோது அந்த நம்பர் இல்லை. பஸ் வேலையும் முடிந்து, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, இங்கே கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். முதியோர் பென்ஷனுக்கு மனுப் போட என் கடைக்கு வந்தவர், கிளம்புகிற நேரத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"இந்தக் கம்ப்யூட்டர்ல ஆளத் தேட முடியுமாமே. ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்."

தேடினேன். ஃபேஸ்புக்கில் ஆயிரம் முத்துராஜ் இருந்தார்கள், இவன் இல்லை. பேரை விட்டுவிட்டு, நான் செய்த அந்தப் பிழையை, வெள்ளச்சாமி என்று மட்டும் அடித்துப் பார்த்தேன். ஒரே ஒரு பக்கம் வந்தது.

பிரிட்டனின் அபூர்வக் குடும்பப் பெயர்களுக்காக யாரோ ஒருவர் நடத்தும் வலைத்தளம் அது. பார்க்கவே பரிதாபமாக, பழைய காலத்து எழுத்தில் இருந்தது. ஒரு பெயரைத் தட்டினால் இங்கிலாந்து வரைபடம் வரும். அந்தப் பெயர்க்காரர்கள் இருக்கும் மாவட்டம் பச்சை நிறத்தில் இருக்கும். கீழே எத்தனை பேர் என்று எண்ணிக்கை. வெள்ளச்சாமி என்ற பக்கத்தில் கிழக்கே கடலை ஒட்டி லிங்கன்ஷயர் என்ற ஒரு மாவட்டம் மட்டும் பச்சையாக இருந்தது. எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் 'ஐவருக்கும் குறைவு' என்று போட்டிருந்தது. ரொம்பக் கொஞ்சப் பேர் இருந்தால், அவர்களை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று சரியான எண்ணைச் சொல்ல மாட்டார்களாம்.

என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் வெள்ளைச்சாமி. பச்சையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"என் பேரா இது?"

"ஒங்க பேருதானுங்கய்யா. அங்கிட்டு அதுதான் முத்துராஜோட குடும்பப் பேரு."

"போடாதன்னேனே."

"பாஸ்போர்ட்ல ஏறிட்டா அப்படி எடுக்க முடியாதுங்க. எடுக்கணும்னா எழுதிக் கொடுத்து மாத்தணும். மாத்தல போல."

அவர் முகம் போன போக்கை நான் இன்றும் மறக்கவில்லை. சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத ஆள். மீசையைத் தடவித் தடவி மறைத்துப் பார்த்தார், முடியவில்லை.

"சரி. அஞ்சுக்குக் கொறவுன்னா என்ன கணக்கு? செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி, பஸ்ல எத்தனை பேருய்யான்னா, அஞ்சுக்குக் கொறவுன்னு சொல்ல முடியுமா? அஞ்சுக்குக் கொறவுன்னா நாலு."

"நாலாவும் இருக்கலாம்ங்கய்யா."

"நாலுதான். அவன், அவன் பொண்டாட்டி, ரெண்டு புள்ளைக. வெள்ளக்காரியாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்."

பூஜ்யமும் ஐந்துக்குக் குறைவுதான். எனக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. சொல்லவில்லை. எந்த மனுஷிக்கு அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வரும்.

அதிலிருந்து மாதம் பிறந்தால் முதல் தேதி வந்துவிடுவார். கடை திறந்து ஊதுவத்தி வைத்த கையோடு அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுத்தால், "ரெண்டு நிமிசம் பொறுங்கப்பா, என் வீட்டுல ஆளு எண்ணிட்டு வாரேன்" என்பார். அந்த நாலு பேரும் அவருடைய கணக்கில் வளர ஆரம்பித்தார்கள். மூத்தது ஆண், இளையது பெண். பெண்ணுக்கு அமராவதி என்றுதான் பேர் வைத்திருப்பான், வைக்காமல் இருக்க மாட்டான் என்றார். ஒரு நாள் என்னிடம், "அமராவதி வெள்ளச்சாமி. சொல்லிப் பாரேன், எப்படி இருக்கு" என்றார். ஊரில் யாரும் புருஷன் பேரைப் பெண்டாட்டி பேரோடு சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். அவர் மனைவி வாழ்நாள் முழுக்க அவர் பேரைச் சொன்னதில்லை, முத்துராஜும் யாராவது அப்பா பேர் கேட்டால் குனிந்துகொண்டுதான் சொல்லுவான். அந்த இரண்டு பேரையும் சேர்த்து நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"ஒரு போன் நம்பர் புடிக்க முடியாதாங்கய்யா, அந்த சைட்காரருக்கு எழுதிப் பாப்பமா?" என்று நான் பலமுறை கேட்டேன். வேண்டாம் என்றுவிடுவார். கோபம் போய்விட்டது, வெட்கம்தான் மிச்சம் இருந்தது.

"அவனா கூப்புடட்டும். நான் கூப்புட்டு அவன் எடுக்கலைன்னா என்ன பண்றது. இது போதும். பேரு இருக்குல்ல."

இனி இரண்டாவது தப்பு. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆடிப்பதினெட்டு. கடையில் கூட்டமில்லை. வெள்ளைச்சாமி ஸ்டூலில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தார். நான் கடை மெயிலைத் திறந்து குப்பைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். நாளுக்கு ஐம்பது வரும். லாட்டரி விழுந்தது, லண்டனில் தூரத்து மாமா செத்துப்போய்ச் சொத்தை விட்டுப் போனார் என்று கதை கதையாக வரும். அதில் ஒன்று கண்ணில் பட்டது. 'காலஞ்சென்ற திரு. எம். வெள்ளச்சாமி குறித்து.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எம். வெள்ளைச்சாமி என்றால் இவர்தான். மு. வெள்ளைச்சாமி. இவர் அப்பா முத்துக்கருப்பன். ரேஷன் கார்டிலிருந்து பென்ஷன் மனு வரைக்கும் அப்படித்தான் இருக்கிறது, நான்தானே அடித்தேன். பழைய ஃபாரத்திலிருந்து எவனோ பேரைத் திருடி, நான் போட்ட எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாமல் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன்.

"ஐயா, நீங்க செத்துப்போயிட்டீங்களாம். இங்கிலாந்துலேருந்து மெயில் வந்திருக்கு."

பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். தன் பேரை எழுத்துக் கூட்டினார்.

"நானா? எப்பவாம்?"

"போட்டிருக்கான், குடும்பத்தத் தேடுறாங்களாம். பதில் போட்டா அடுத்து பேங்க் நம்பர் கேப்பான்."

"பதிலெல்லாம் போடாத. ஆனா நல்ல சேதி ஆத்தா. இருக்கிற ஆளச் செத்துட்டான்னு சேதி வந்தா ஆயுசு கெட்டி. இன்னும் இருவது வருசத்துக்கு என்னைய அசைக்க முடியாது."

எதிரே போய் டீயும் நாலு உளுந்த வடையும் வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு இரண்டு, அவருக்கு இரண்டு. செத்துப்போனதுக்கு விருந்து என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. எண்ணெய்க் கையைக் காகிதத்தில் துடைத்துவிட்டு, அந்த மெயிலை ஸ்பாமில் தள்ளினேன். இரண்டு வரிக்கு மேல் படிக்கவில்லை.

இருபது வருடம் சர்நேம் கட்டத்தை நிரப்பியவள் நான். வெ. முத்துராஜை முத்துராஜ் வெள்ளச்சாமி ஆக்கி அனுப்பியதே இந்தக் கைதான். அந்தத் தேசத்தில் அவனைத் திரு. எம். வெள்ளச்சாமி என்றுதான் எழுதுவார்கள் என்று எனக்குத் தோன்றாமல் போனதே. வேறு யாருக்குத் தோன்றாவிட்டாலும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த நாளை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பதினேழு மாதம் போயிற்று. இந்த வருடம் ஜனவரி முதல் தேதி வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். பக்கத்தைத் திறந்தேன். எண்ணிக்கை அப்படியே இருந்தது. ஐவருக்கும் குறைவு. கவனித்தது அவர்தான்.

"எங்க ஆத்தா அந்தப் பச்சை?"

வரைபடம் முழுக்க வெள்ளையாக இருந்தது. வேறு மாவட்டத்துக்கு வீடு மாறியிருப்பார்கள், இன்னும் ஏற்றியிருக்க மாட்டார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் மானிட்டரில் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முதல்முறையாக, "அந்த சைட்காரனுக்கு எழுதிப் பாரு" என்றார்.

அன்றைக்கே எழுதினேன். நான் யார், வெள்ளைச்சாமி யார், அந்த எழுத்துப் பிழை எப்படி வந்தது, பச்சை எங்கே போயிற்று, நாலு பேரும் சுகமா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். எட்டு நாள் கழித்து, கடையைச் சாத்தப் போகும் நேரத்தில் பதில் வந்தது. எழுதியவர் பேர் பீட்டர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் தபால் பட்டுவாடா செய்தபோது வினோதமான குடும்பப் பெயர்களைக் குறித்து வைக்க ஆரம்பித்தாராம்.

அந்தக் கடிதத்தை வார்த்தைக்கு வார்த்தை என்னால் சொல்ல முடியும். உயிரோடு இருப்பவர்களின் சரியான எண்ணிக்கையை நான் சொல்வதில்லை, ஆனால் இப்போது அதற்குத் தடை இல்லாமல் போனதற்கு வருந்துகிறேன் என்று ஆரம்பித்திருந்தார். கீழே அவர் தன் ஏட்டில் வைத்திருக்கும் குறிப்பைக் கொடுத்திருந்தார். பெயர், வெள்ளச்சாமி. இந்நாட்டில் முதலில் தென்பட்டது பதிமூன்று வருடத்துக்கு முன். மூலம் தெரியவில்லை, தென்னிந்தியாவாக இருக்கலாம். பரவல், ஒரு மாவட்டம், ஒரு ஊர், ஒரு தெரு. அதிகபட்ச எண்ணிக்கை ஒன்று. எல்லா வருடமும் ஒன்று. நிலை, வழக்கொழிந்தது.

மற்றதை அவர் எனக்காகவே விசாரித்து எழுதியிருந்தார். முத்துராஜ் ஒரு மீன் பதப்படுத்தும் கம்பெனியில் வேலை பார்த்தான். தனியாக ஒரு அறையில் இருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு ஜூன் மாதம் தூக்கத்திலேயே மாரடைப்பு, வயது முப்பத்து நாலு. அந்த ஊர் நகராட்சி உறவினரைத் தேடியது. பாஸ்போர்ட்டில் இருந்த விலாசத்துக்குப் போட்ட கடிதம் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அவன் பெட்டியில் ஒரு பழைய விசா ஃபாரம் இருந்தது, அதில் இருந்த மெயில் ஐடிக்கு எழுதினார்கள், பதில் இல்லை. நகராட்சியே தகனம் செய்தது. கூட வேலை பார்த்த எட்டுப் பேர் வந்திருந்தார்கள். சாம்பலை ஒரு வருடம் வைத்திருந்து பார்த்துவிட்டு, போன செப்டம்பரில் தகனக்கூடத்துத் தோட்டத்தில் தூவிவிட்டார்கள்.

கடைசியில் ஒரு கேள்வி. இதே எழுத்துகளில் இந்தப் பெயரைத் தாங்கிய யாராவது உலகத்தில் எங்காவது இருக்கிறார்களா, இருந்தால் வழக்கொழிந்தது என்பதை எடுத்துவிடுகிறேன் என்று கேட்டிருந்தார்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்து அழுதேன். மெயில் போன தேதியையும் பீட்டர் குறித்திருந்தார். நான் காலண்டரைப் புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வெள்ளைச்சாமி வந்தார். தினமும் வர ஆரம்பித்திருந்தார், பதில் வந்ததா என்று கேட்க. சைட் வேலை செய்யவில்லை, நெட் இல்லை, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் ஸ்டூலில் உட்காரவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரும் எறங்கிட்டாங்களா ஆத்தா?"

எனக்குப் பொய் வரவில்லை.

"ஏறினதே ஒருத்தருதானுங்கய்யா."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. நாலு பேரில் மூன்று பேர் எப்போதுமே இருந்ததில்லை என்பதும், இருந்த ஒருத்தனும் இல்லை என்பதும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஜெராக்ஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். நான் பீட்டரின் கடிதத்தைத் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். நடுவில் நிறுத்த நினைத்தபோது கையைக் காட்டி, மேலே சொல்லு என்றார். வெளியே டவுன் பஸ் வந்து நின்று விசில் அடித்துக் கிளம்பியது.

"நம்மாளுக விலாசம், அப்பன் ஆத்தா பேரு, ஒண்ணும் யார்கிட்டயும் சொல்லலியாமா?"

"கூட வேலை செஞ்சவங்க கேட்டிருக்காங்கய்யா. அப்பா இல்லைன்னு சொல்லியிருக்காரு."

"நான் சொல்லச் சொன்னது. தட்டாமச் சொல்லியிருக்கான்." தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "சின்னதுலேருந்தே அவன் சொன்ன பேச்சு மீற மாட்டான்."

பிறகு, "அங்க அவன என்னன்னு கூப்புட்டாங்களாம்?" என்று கேட்டார்.

அதையும் பீட்டர் எழுதியிருந்தார். கூட வேலை பார்த்தவர்களுக்கு முத்துராஜ் என்ற பேரே தெரியாது. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் எம். வெள்ளச்சாமி என்றுதான் இருந்ததாம். புதிதாக யாராவது பேர் கேட்டாலும் அவன் அதைத்தான் சொல்லுவானாம்.

"வெள்ளச்சாமின்னுதான் கூப்புட்டிருக்காங்கய்யா. அவரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்காரு."

"வெளியில என் பேரச் சொல்ல நாக்கு கூசுற பயலாச்சே ஆத்தா." அவர் குரல் அங்கேதான் உடைந்தது. "பத்து வருசம் முழுசுமா? நான் போடாதன்னேன், அவன் அதையே கூப்புடச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கானே."

துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். அப்படி ஒரு ஆம்பளை அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அவர் பக்கத்தில் போகப் பயமாக இருந்தது, ஏனென்றால் நான் இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை. ஆனாலும் தினமும் அந்த ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு நான் கடை நடத்த முடியாது.

"ஐயா, அந்த நகராட்சி மெயில் போட்டாங்கன்னு சொன்னேன்ல. அது நம்ம கடைக்குத்தானுங்க வந்துச்சு. ஆடிப்பதினெட்டு அன்னைக்கு. நீங்க செத்துப்போயிட்டதா..."

அவர் துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவார் என்று நின்றேன். வீசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு வடை வாங்கியாந்தேன்ல" என்றார். "ஆயுசு கெட்டின்னேன்." கையை விரித்துப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கேன் ஆத்தா. எனக்கு ஒரு கொறையும் இல்ல."

எழுந்து போய்விட்டார். செருப்பைப் போடாமலே போனார். அது சாயங்காலம் வரை வாசலில் கிடந்தது, நான் எடுத்து உள்ளே வைத்தேன்.

பதினாறு நாள் வரவில்லை. அறைக்குப் போய்ப் பார்த்தேன், ராசு ஊருக்கு அழைத்துப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பதினேழாம் நாள் மொட்டை அடித்துக்கொண்டு, மீசையும் இல்லாமல் வந்து நின்றார். எனக்கு முதலில் ஆளே தெரியவில்லை. மகனுக்கு அப்பா காரியம் செய்கிற கொடுமையைச் செய்து முடித்துவிட்டு வந்திருக்கிறார். பையிலிருந்து ஆதார் கார்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பேரு திருத்தணும்."

வாங்கிப் பார்த்தேன். மு. வெள்ளைச்சாமி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"என்னங்கய்யா தப்பு இதுல?"

"அந்த 'ஐ' வேணாம். எடுத்துரு. அந்த வெள்ளக்காரர் கேட்டாருல, இப்படி எழுதுற ஆளு வேற யாரும் இருக்காங்களான்னு. ஒருத்தன் இருக்கான்னு எழுது."

எழுத்துப் பிழையைத் திருத்தத்தான் எல்லோரும் என் கடைக்கு வருவார்கள். பிழையைக் கேட்டு வந்தவர் இவர் ஒருவர்தான். திருத்தத்துக்கு ஒரு சான்று வைக்க வேண்டும், இந்த எழுத்தில் உங்கள் பேர் இருக்கிற காகிதம் எதுவும் உங்களிடம் கிடையாதே என்றேன்.

"ஒங்கிட்ட இருக்கும் பாரு" என்றார்.

இருந்தது. பழைய ஃபைல்களுக்கு அடியில் முத்துராஜ் பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ். முதல் பக்கத்தில் சர்நேம் கட்டத்தில் வெள்ளச்சாமி. கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பேர் என்ற இடத்திலும் அதே பிழையோடு வெள்ளச்சாமி. இரண்டு பேரும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும் காகிதம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். மகன் பாஸ்போர்ட்டைச் சான்றாக வைத்து அப்பா பேரை மாற்ற எந்த விதியிலும் இடமில்லை. தள்ளுபடி ஆகும் என்று எனக்குத் தெரியும், அவரிடமும் சொன்னேன். ஆகட்டும், அனுப்பு என்றார்.

ஸ்கேனரில் வைத்து மூடினேன். புதிய பெயர் என்ற கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தார். இந்தத் தடவை எனக்கு எழுத்து விழவில்லை. வேண்டுமென்றே விட்டேன்.